இரண்டு வருடக் கதிரை

இன்று காலை புது வேலைவீட்டில் புத்தக அலுமாரியைத் துடைக்கச் சொன்னார் வீட்டுக்கார சிஞ்ஞோரா. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் பழைய கடதாசியும் மெழுகும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. உம்முடைய புரொபெசோரே வீட்டு மணம். துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். கண் ஏன் கலங்குகிறது என்று சிஞ்ஞோரா கேட்டார், தூசி என்றேன்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடியில், ஓய்வுபெற்ற அந்தச் சரித்திரப் பேராசிரியரை ஆறு வருடம் பார்த்தீர். குளிக்க வார்த்து, சூப் பருக்கி, அவர் ஓயாமல் சொல்லும் கதைகளையும் கேட்டுக்கொண்டு என்னிடம் வருவீர். நான் மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் பாத்திரம் கழுவிக் கை ஊறிப்போய் இருப்பேன். அவரிடம் கேட்ட அமெரிக்கக் கதைகளை நீர் எனக்குச் சொல்வீர். நீர் என்னைவிட இரண்டு வயது மூத்த யாழ்ப்பாணத்துக்காரி. அக்கா என்று கூப்பிடவும் விடமாட்டீர். அமெரிக்காக்காரன் எங்களுக்கு மாமனோ மச்சானோ என்று பகிடி பண்ணுவேன்.

அந்த அமெரிக்காக்காரர்களில் ஒருவன் உமக்குப் பிடித்துப்போனான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜனாதிபதியாக இருந்தவன். அரசாங்கப் பதவி ஒருவருக்கும் முதுசச் சொத்தில்லை. சாதாரண புத்தியுள்ள எவரும் அந்த வேலைகளைச் செய்யலாம். நெடுங்காலம் இருப்பவன் சனத்தை மறந்து கதிரையைத் தன்னுடையதென்று நினைக்கத் தொடங்குவான், ஆகவே ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் அவன் கொள்கை என்று புரொபெசோரே சொன்னாராம்.

அதைக் கொண்டுவந்து இங்குள்ள எங்கள் தமிழர் சங்கக் கூட்டத்தில் வைத்தீர். படித்த ஆண்கள் நாலைந்து பேரே மாறி மாறி இருந்த செயலாளர் பதவிக்கு, எட்டாம் வகுப்போடு வன்னியிலிருந்து வந்த என் பெயரைச் சொன்னீர். இரண்டு வருடம், பிறகு வேறு ஆள் என்று ஒரு விதியும் எழுதுவித்தீர். என்னால் ஏலாது என்றேன். ஆனாலும் செய்தேன். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் எந்த யன்னலுக்குப் போவது, என்ன படிவம், யாரோடு பணிந்து கதைப்பது, எல்லாம் எனக்குப் பாடமாகின. கோயிலில் ஆட்கள் எழுந்து இடம் விட்டார்கள். அது எனக்குப் பிடித்தது. மறைத்து என்ன, நன்றாகவே பிடித்தது.

இரண்டு வருடம் முடிய, விதியை மாற்றி நானே இருக்கட்டும் என்றது சனம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எதிராகக் கை தூக்கியது நீர் ஒருத்திதான்.

வெளியில் வந்து உம்மைப் பிடித்தேன். உமக்கு எரிச்சல் என்றேன். உம்முடைய அமெரிக்காக்காரன் பழைய ஆட்களைக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களைத்தானே வைத்தவன் என்றேன். அடிமைகளை வைத்திருந்தவன், அந்த மண்ணின் பூர்வீகச் சனத்தை ஊரைவிட்டுத் துரத்தியவன். துரத்தப்பட்டு வந்த எனக்கு அவனைக் கொண்டா புத்தி சொல்கிறீர் என்று கத்தினேன். இவ்வளவையும் மறைக்காமல் எனக்குச் சொல்லித் தந்தவரும் நீர்தான்.

"ஓம், அவன் செய்தது அநியாயம்தான்," என்றீர். "அதுக்காக நீர் கதிரையிலை இருக்கலாமோ?"

நான் திரும்பி உள்ளே போனேன். கேக் வெட்டினார்கள். நீர் தனியாக பஸ்ஸுக்கு நடந்துபோவதை யன்னலால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் உம்மோடு நான் கதைக்கவில்லை. அந்தக் கோடையில், புதிதாக வந்த கிளிநொச்சிப் பெண் ஒருத்திக்கு குவெஸ்தூராவில் நாள் குறித்திருந்தது. கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். உணவகத்தில் ஆள் குறைவு, முதலாளி விடவில்லை. வேறு ஒருவரை அனுப்பவும் வழியில்லை; அந்த வேலையை நான் ஒருவருக்கும் காட்டிக்கொடுத்ததில்லை. அவள் தனியே போய், பிழையான வரிசையில் நின்று, நாளைத் தவறவிட்டாள். மறுபடி ஒரு நாள் குறித்துக் கிடைக்க முன்னம் ஊரில் அவளுடைய தாய் இறந்துபோனார். பெர்மெஸ்ஸோ கையில் இல்லாமல் ஊருக்குப் போனால் இங்கே திரும்பி வர முடியாது. செத்தவீட்டை அவள் போனில் பார்த்தாள். பக்கத்தில் இருந்து நானும் பார்த்தேன்.

அன்றைக்கே உம்மிடம் வந்திருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் பதவியை விட்டுவிட்டு உம்மைத் தேடினால், நீர் மூளையில் இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தீர். குனிந்து காதுக்குள் சொன்னேன்: "நான் விட்டிட்டன்." கேட்டதோ தெரியாது. இரண்டாம் நாள் நீர் போய்விட்டீர்.

எனக்குப் பிறகு அந்தக் கிளிநொச்சிக்காரிதான் செயலாளர். தெரிந்த எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். என்னைவிடத் திறமாகச் செய்தாள். இப்போது அவளுக்கும் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, அவளே இருக்கட்டும் என்றது சனம். அவளும் பேசாமல் இருந்தாள். நான் கை தூக்கினேன். வேறு ஒரு கையும் எழவில்லை.

படியிறங்கும்போது பின்னால் வந்தாள். "உங்களுக்கு என்னிலை எரிச்சல் அக்கா," என்றாள். இல்லையடி, உன்னில் உயிரையே வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நம்புவாளா? நான் நம்பியிருப்பேனா? துறைமுகத்துப் பக்கமாக நடந்தேன். அன்று எனக்கெதிராக அந்தக் கையைத் தூக்க உமக்கு என்னில் எவ்வளவு விருப்பம் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்து, வீடு வரும் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.