மூன்று பாட்டு நேரம்

ஆடி 5, திங்கள். காற்று. காயப் போட்ட பொம்மை மேல் எல்லாம் புழுதி.

கோட்டான் மாமா, இன்று உன் போனைச் சார்ஜில் போட்டேன். மார்கழியில் உன்னைக் கொண்டுபோய் மண்ணில் வைத்த நாளில் இருந்து பீரோவில் சேலைக்கு நடுவில் கிடந்தது. விதவைப் பென்ஷன் மனுவுக்கு மெசேஜ் உன் நம்பருக்குத்தான் வருமாம். (ஊர் முன்னால் வாங்க போங்க. நோட்டில் நீ. வாயே திறக்காத ஆளுக்குக் கோட்டான் என்று பேர் வைத்தவளுக்கு அந்த உரிமை உண்டு.)

மெசேஜ் வரவில்லை. ஒருத்தி வந்தாள்.

கறுப்புக் கவுன். விரித்துப் போட்ட தலை. கண்ணை மூடிக்கொண்டு மைக்கைத் தின்னப் போகிற மாதிரி ஒரு படம். கீழே பாட்டு வரிசை. பொம்மைக் கம்பெனியில் பக்கத்து மேசை சாந்தியிடம் காட்டினேன். பழைய சினிமாப் பாட்டை எடுத்து இந்தம்மா தன் இஷ்டத்துக்கு இழுத்துப் பாடுவாளாம். ஜாஸ் என்று பேராம். சென்னையில் பெரிய ஓட்டல்களில் பாடுகிறவளாம்.

ஆற்றுப் பாட்டு. ரயில் பாட்டு. மல்லிகைப் பாட்டு. தாலாட்டு. மொத்தம் எட்டு. எட்டும் நான் வேலை செய்யும்போது பாடினது.

ஒரு காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். செய்தி கேட்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

ரேஷன் பருப்பு வாங்கவில்லை. மறந்துவிட்டேன்.


ஆடி 6, செவ்வாய். காற்று நிற்கவில்லை.

காலையில் சோறு வடித்துவிட்டுக் கேட்டேன். ஆற்றுப் பாட்டு முதலில்.

மெதுவோ மெதுவு. ஒரு வரி பாடிவிட்டு எங்கேயோ போய்விட்டு வருகிறாள். நடுவில் பியானோ. யாரோ குழல் ஊதுகிறார்கள். பிறகு திரும்ப வந்து அதே வரி. எனக்கு அடுப்பில் குழம்பு வற்றிப் போகிறது, அவளுக்கு என்ன அவசரம்.

குரல் கரகரப்பு. தூங்கி எழுந்தவள் குரல். மேலே போகிற இடத்தில் உடைகிறது. உடைந்த இடத்தில் ஜனம் கை தட்டுகிறது.

தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் என் குரலும் இப்படித்தான். எனக்கு அது வியாதி. அவளுக்கு ஸ்டைல். நான் வாயை மூடிக்கொண்டேன். பாட்டுக்குப் பதில் நேரம் பார்க்கக் கம்பெனிச் சுவரில் கடிகாரம் மாட்டினார்கள்.

அவளிடம் என்ன இருக்கிறது? கை பார்த்தேன் படத்தில். மண் படாத கை. நகத்தில் சிவப்பு. அச்சு ஒன்றைத் தூக்கச் சொன்னால் தெரியும்.

திரும்பவும் கேட்டேன். ஏன் கேட்டேன் தெரியாது.


ஆடி 7, புதன்.

தப்பு நடந்துவிட்டது. என் தப்பு.

கொலு ஆர்டர், யானை. பதினெட்டு அச்சு. போனை மேசையில் வைத்துப் பாடவிட்டேன், அவளை முழுசாகத் தெரிந்துகொள்ளலாம் என்று. நான் மண் கரைசலை அச்சில் ஊற்றினேன், சாந்தி அச்சுப் பக்கம் நின்றாள். முன்னே நீ நின்ற இடம்.

யானைக்கு மூணு பாட்டு நேரம் கரைசல் அச்சில் நிற்க வேண்டும். பதினாறு வருஷப் பழக்கம். நான் பாடுவேன், மூணாவது பாட்டு முடிந்ததும் தலையை ஆட்டுவேன், நீ அச்சைக் கவிழ்த்து மிச்சக் கரைசலை வடிப்பாய். அச்சோடு ஒட்டி நின்றதுதான் பொம்மை. ஒரு நாள் கூடப் பிசகினதில்லை.

இன்றும் மூணு பாட்டு முடிந்துதான் தலையை ஆட்டினேன். அவள் இழுத்து இழுத்துப் பாடின மூணு பாட்டு. கடிகாரம் எதிரிலேயே ஓடுகிறது, கண் போகவில்லை. கழுத்துக்குப் பாட்டுதான் தெரியும்.

அச்சைப் பிரித்தால் யானை எல்லாம் தடி தடியாக. சூளையில் வைத்தால் வெடித்துவிடும். ஓனர் ஒன்றை எடுத்துக் கையில் ஆட்டிப் பார்த்தார்.

"என்னா தனம், யானைக்குள்ள குட்டி இருக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம். அப்புறம் அவர் போகிற போக்கில் சொன்னார்:

"போன வருஷம் ஒங்க வூட்டுக்காரரும் இதே மாதிரிதான ஒரு சூளை ஈடு கெடுத்தாரு."

உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஈடு எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நீ தனியாக ஊற்றினாய். சூளையைத் திறந்தபோது பாதி யானை தும்பிக்கை இல்லாமல். நான் எல்லார் முன்னாலும் என்ன சொன்னேன்? கை தளர்ந்து போச்சு, வூட்ல கெட. அப்படித்தான் சொன்னேன். நீ துடைப்பத்தை எடுத்து உடைசலைப் பெருக்கினாய்.

கை தளரவில்லை. காதில் அவள் இருந்தாள்.

அவளைக் காட்டிக் கொடுக்காமல் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். அவ்வளவு உசத்தியா?


ஆடி 8, வியாழன். வெயில். லீவு சொன்னேன்.

மங்கலம்பேட்டை. பஸ்ஸில் நின்றுகொண்டே. எடுத்துப் போனது: போன், ஆதார், ஒரு பாட்டில் தண்ணீர். எண்ணம்: அவளை அழித்துவிட வேண்டும். எனக்கு அழிக்கத் தெரியாது. சாந்தியிடம் கேட்க வெட்கம்.

நீ போன் வாங்கின கடை பாய் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். கேள்விப்பட்டேன்மா என்றார். ஸ்டூல் போட்டார், டீ சொன்னார். இந்தப் பாட்டை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று போனை நீட்டினேன்.

பார்த்துவிட்டு என் பக்கமே திருப்பி வைத்தார்.

"இதையாம்மா அழிக்கணும்? இதுக்கு மூணு தரம் பஸ் ஏறி வந்தாரு மனுஷன்."

முதல் தரம், பேப்பரில் எட்டுப் பாட்டு எழுதிக்கொண்டு வந்தாயாம். சினிமாவில் வந்தபடியே ஏற்றிக் கொடுத்தாராம். ரெண்டாம் தரம், இது வேண்டாம் என்று வந்து நின்றாயாம். வேறு யாரோ பாடினதைப் போட்டாராம். மூணாம் தரமும் வந்தாயாம். பாய்க்குக் கோபமே வந்துவிட்டதாம், என்னதான் வேணும் உங்களுக்கு என்று கேட்டாராம்.

"தொண்ட ஒடஞ்ச பொம்பள யாராச்சும் இதெல்லாம் பாடியிருக்காங்களா, பாருங்கன்னாரு. தேடுனேன். இந்தம்மாதான் கெடச்சாங்க."

டீ ஆறிப் போச்சு. அழிக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன். தண்ணீர் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். சந்தோஷம் வர வேண்டும் இல்லையா. வரவில்லை. இன்னும் வயிறு எரிகிறது. முன்னே அவள் யாரோ. இப்போது அவள் நான் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உன் கடைசி வருஷம் முழுக்க அவள் பாடியிருக்கிறாள். நான் பக்கத்தில் யானைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன், வாயை மூடிக்கொண்டு.


ஆடி 9, வெள்ளி. வானம் மோடம் போட்டிருக்கிறது. தூறல் இல்லை.

தடி யானை எல்லாவற்றையும் உடைத்துத் தொட்டியில் ஊறப் போட்டோம். சூளைக்குப் போகாத மண், திரும்பக் கரையும். புதுசாகப் பதினெட்டு.

போனை வீட்டில் வைத்துவிட்டேன். கரைசலை ஊற்றினதும் பாடினேன். ஆற்றுப் பாட்டு. முதல் வரியிலேயே உடைந்தது. சாந்தி தலையைத் தூக்கவில்லை, கண்ணை மட்டும் துடைத்தாள். ரயில் பாட்டு கொஞ்சம் பரவாயில்லை. மல்லிகைப் பாட்டில் மேலே ஏறவில்லை, கீழேயே பாடினேன். முடித்துத் தலையை ஆட்டினேன். சாந்தி கவிழ்த்தாள்.

யானை சரியாக வந்திருக்கிறது. ஓனர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவர் பாராட்டு.

பருப்பு வாங்கினேன். பென்ஷன் மெசேஜ் வந்துவிட்டது.

ஒன்று எழுதாமல் விட்டேன். ஆபரேஷன் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், நீ அச்சைத் துடைத்துக்கொண்டே, பாடேன் என்றாய். வாளியை டங்கென்று வைத்தேன். கிண்டலா என்று கேட்டேன். நீ கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாய்.

பாட்டுக்காக மூணு தரம் பஸ் ஏறி மங்கலம்பேட்டை போனாய். நான் ரெண்டு அடி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஏன் மாமா ஒரே ஒரு தரம் கேட்டதோடு விட்டுவிட்டாய்?