வரி ஆபீசில் நீங்கள் கேட்ட மன்னிப்பு

அத்தா,

இன்று காலை திராட்சைத் தோட்டத்து மோட்டாரின் கம்பிச் சுருள் கருகிவிட்டது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது. நீங்கள் இருந்திருந்தால், பெற்ற மகனை விட்டுவிட்டு முதலில் மோட்டாருக்குப் பரிந்து பேசியிருப்பீர்கள். "கரண்டு சரியில்லலே. நம்ம கம்பெனி மோட்டாரக் குத்தம் சொல்லாத."

நம்ம கம்பெனி! கோயம்புத்தூரில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. தோட்டத்து மோட்டார் வருஷக்கணக்கில் மக்கர் செய்யாமல் ஓடியது என்பதற்காக அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கியவர் உத்தமபாளையத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். வங்கி வட்டி மார்க்கத்தில் நமக்கு ஆகாது. "இது வட்டி இல்ல, கூட்டு. லாபம் வந்தா தருவாக, வரலைன்னா நமக்கும் இல்ல" என்பீர்கள். அந்த லாபத்தில் நம் பங்கான டிவிடெண்ட் தபாலில் வரும் நாளில் வீட்டில் கறிக்குழம்பு நிச்சயம்.

ஒருமுறை அந்தக் கம்பெனி, வைத்திருந்த பங்குக்கு மேல் போனஸ் பங்கும் கொடுத்தது. கைக்காசு போடாமல் பங்கு இரட்டிப்பானதில் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஹஜ்ஜுக்குக் குலுக்கலில் பெயர் வந்த பிறகுதான் அதே பங்கு உங்களை அரிக்க ஆரம்பித்தது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் கடனையெல்லாம் தீர்த்து, தெரிந்தவர்களிடமெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தானே புறப்பட வேண்டும்? கறிக்கடைக்காரரில் தொடங்கி, வரப்புத் தகராறில் முகம் திருப்பிக்கொண்டவர் வரை எல்லோரிடமும் கேட்டுவிட்டு வந்தீர்கள். சாப்பிட உட்கார்ந்ததும் கை அப்படியே நின்றது.

"ஏலே, சும்மா வந்த பங்குக்கு நான் வரி கட்டலயே. சர்க்காருக்குக் கடன வச்சுக்கிட்டு அங்கன போயி எப்படி நிப்பேன்?"

நம் உரக்கடைக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரைக் கேட்கலாம் என்றேன். "எனக்குப் பதிலா ஆடிட்டரா ஹஜ் செய்யப் போறாரு?" என்று என் வாயை அடைத்துவிட்டீர்கள்.

தேனி போகும்வரை பஸ்ஸில் எனக்கு ஒரே கூச்சம். யாராவது வலியப் போய் வரி ஆபீசில் தலையைக் கொடுப்பார்களா? நீங்களோ அதிகாரி முன்னால் நின்று, "சார், ஹஜ்ஜுக்குப் போறேன். தெரியாம எதுவும் கட்டாம விட்டிருந்தா வாங்கிக்கங்க. என்னையப் பொறுத்துக்கங்க" என்றீர்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த அறையில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்களை உட்கார வைத்து, உங்கள் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். "பாய், கையில வர்ற டிவிடெண்டுக்கு இப்பக் கம்பெனியே வரி கட்டிட்டுத்தான் தர்றாக. நடுவுல ஒரு வருஷம் மட்டும் வாங்குறவக கட்டணும்னு இருந்துச்சு. அத உங்க ஆடிட்டர் கட்டியிருக்காரு. போனஸ் பங்குக்கு வாங்குறப்ப வரியே கிடையாது. என்னைக்கு விக்கிறீகளோ அன்னைக்குத்தான் பேச்சு."

"வித்தா?"

"அதுக்கு நீங்க காசு போடல. அதனால விக்கிற தொகை பூராவும் லாபம்தான். ஆனா ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து பங்குச் சந்தை வழியா வித்தா, இப்ப அதுக்கும் விலக்கு இருக்கு."

விடுவீர்களா நீங்கள்? கூட்டுறவுச் சங்கம் தந்த டிவிடெண்டையும் கேட்டீர்கள். அதற்கு இந்தச் சலுகை கிடையாது, வருமானத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்றவர், தாளைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "அதையும் காட்டியிருக்கீக. எங்களுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

அன்று தேனி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் புரோட்டா சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே! கூச்சப்பட்டுக்கொண்டு வந்த எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது.

ஹஜ் முடித்து வந்து சில வருஷம் இருந்தீர்கள். போன வருஷம் உங்களைப் பள்ளிவாசலில் கிடத்தியிருந்தபோது, ஜனாஸா தொழுகைக்கு முன் மகன் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். "எங்கத்தா யாருக்காச்சும் கடன் வச்சிருந்தா எங்கிட்டச் சொல்லுங்க. நான் பொறுப்பு." கடன் என்று யாரும் முன்னால் வரவில்லை.

அடக்கம் முடிந்து வெளியே வந்தால், வாசலில் அந்த வரி அதிகாரி. ஓய்வு பெற்றுப் பக்கத்தில் மார்க்கையன்கோட்டையில் இருக்கிறாராம். தொழுகைக்கு முன் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல தம்பி" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. துக்கத்தைவிட நிம்மதிதான் அதில் அதிகம்.

இப்போது புது மோட்டார் வாங்க உங்கள் போனஸ் பங்கில் கொஞ்சம் விற்கப் போகிறேன். விற்கும்போது பிடிக்கும் சிறு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று புரோக்கர் அடித்துச் சொல்கிறார். இருந்தாலும் நாளைக்குத் தேனி வரி ஆபீசுக்குப் பஸ் ஏறுகிறேன், அத்தா. பாக்கி இல்லை என்று அவர்கள் வாயால் கேட்டால்தான் எனக்கும் சோறு இறங்கும்.

புது மோட்டாரும் நம்ம கம்பெனிதான்.