வண்டி யார் பேரில்

11.2.2024, ஞாயிறு

நேற்றுக் காலை மீஞ்சூரில் நான் சீட் பெல்ட் போடாமல் கார் ஓட்டினேனாம். செல்லுக்கு அபராதச் செய்தி வந்திருக்கிறது. உரிமையாளர்: உலகநாதன். அந்நேரம் நான் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கார் ஓட்டவே தெரியாது.

ஓட்டியது என் மருமகன் லோகேஷ். பழைய பைக் கடனைக் கட்டாமல் விட்டவனுக்கு யாரும் கடன் தரவில்லை. அதனால் என் பேரில் கார் எடுத்தான். தவணை என் மகள் பவித்ராவின் கம்பெனிச் சம்பளத்தில் போகிறது. அப்படியானால் மகள் பேரிலேயே எடுக்கலாமே என்று ஷோரூம்காரன் கேட்டான். பெண்பிள்ளை பேரில் எதற்கு என்று மாமனும் மருமகனும் ஒரே குரலில் சொன்னோம். நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

15.2.2024, வியாழன்

என் பெண்டாட்டி அம்மணிக்குக் கால் வீக்கம். பஸ் ஏற முடியவில்லை, ஆனால் திருப்பாலைவனம் கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறாள். ஒரே ஒரு நாள் காரைக் கொண்டு வா என்று லோகேஷுக்குப் போன் போட்டேன். சிரிக்கிறான்.

"பேருதான் மாமா உன்னுது. வண்டி என்னுது. நீ இன்னா ஓனர் மாதிரி பேசுற?"

ஓனர் மாதிரியா? அபராதம் வந்தால் மட்டும் நான் ஓனரா?

எங்கள் குப்பத்தில் பாடு முறை உண்டு. ஏரி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் சீட்டுப் போட்டு யார் பேருக்கு எந்த இடம் விழுகிறதோ, அன்றைக்கு அந்த இடம் அவனுடையது. அவன் வீட்டில் படுத்துக்கொண்டு கூலிக்கு ஆள் அனுப்பினாலும் இறால் அவனுக்குத்தான். இன்னொருத்தன் அங்கே வலை கட்டினால் ஊரே கூடிக் கேட்கும். பேருக்கு அவ்வளவு மதிப்பு. இவன் 'பேருதான்' என்கிறான்!

19.2.2024, திங்கள்

ஆர்.சி.யை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். பள்ளிக்கூடம் போகாதவன்தான், ஆனாலும் சுவரொட்டி பார்த்து இரண்டு பாஷை படித்தவன். என் பேருக்குக் கீழே ஃபைனான்ஸ்காரன் பேரும் இருக்கிறது. இவன் யார் நடுவில்?

பொன்னேரிக்குப் போய் அவர்கள் ஆபீஸிலேயே கேட்டேன். பெனிட்டா என்று ஒரு பெண், பொறுமைசாலி. வண்டி அவர்களிடம் அடமானமாம். கடன் தீரும்வரை விற்க முடியாது, பேர் மாற்ற முடியாது. தவணை நின்றால் வந்து எடுத்துப் போய்விடுவார்களாம்.

"அப்போ வண்டி யாருதும்மா?"

"உங்களுதுதான் ஐயா, நீங்க தவணை கட்ற வரைக்கும்."

"நான் எங்க கட்றேன்? பொண்ணு கட்டுது."

"அது உங்க வீட்டு விஷயம் ஐயா."

டீ வாங்கிக் கொடுத்தாள். கோபத்தில் இருந்தேன். ஆனாலும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

3.3.2024, ஞாயிறு

இன்னொரு அபராதம். செங்குன்றத்தில் அதிவேகமாம். நான் செங்குன்றத்தைக் கண்ணால் பார்த்தே நாலு வருஷம் ஆகிறது.

6.1.2025, திங்கள்

பவித்ரா கடைசித் தவணையையும் கட்டிவிட்டாள். அடமானம் நீங்கிவிட்டது. இன்று கார் முதல் தடவையாக எங்கள் தெருவுக்கு வந்தது. லோகேஷ் கையில் ஸ்வீட் பெட்டி, பேர் மாற்றும் ஃபாரம். வண்டி அவன் பேருக்குப் போக என் கையெழுத்து வேண்டுமாம். அம்மணி முந்தானையால் கார்க் கதவைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேர்தானே மாப்ள என்னுது, அது எதுக்கு உனக்கு என்று கேட்டேன். ஸ்வீட் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

9.1.2025, வியாழன்

கையெழுத்துப் போடாவிட்டால் பொங்கலுக்குப் பேத்தியை அனுப்ப மாட்டானாம். அம்மணி சோறு தின்னவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

போட மாட்டேன். அவன் பண்ண தப்புக்கெல்லாம் என் பேரு வேணும், கோயிலுக்குப் போறதுக்கு மட்டும் வண்டி அவனுதா? என் பேரிலேயே துருப்பிடிக்கட்டும்.

12.1.2025, ஞாயிறு

பவித்ரா தனியாக வந்தாள். பஸ்ஸில். அவ்வளவு தவணையும் கட்டியவள், பஸ்ஸில்.

என் பக்கத்து நியாயத்தை முதலிலிருந்து சொன்னேன். பாடு, சீட்டு, பேருக்குள்ள மதிப்பு, எல்லாம். நண்டுக் குழம்பைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாடு சீட்டுல எப்பனாச்சும் என் பேரு போட்டிருக்கியா நைனா?"

பொம்பளைக்கு ஏது பாடு என்றேன்.

"தெரியும். வண்டி உன்னுதா அவருதான்னு நீங்க ரெண்டு பேருமே அடிச்சிக்கங்க. எதுலயும் என் பேரு இல்ல. எனக்கு இன்னா வந்துச்சு?"

சத்தம்கூடப் போடவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், போய்விட்டாள். சத்தம் போட்டிருந்தால் திருப்பிச் சத்தம் போட்டிருப்பேன். இதற்கு என்ன செய்வது?

13.1.2025, திங்கள்

லோகேஷை ஃபாரத்தோடு வரச் சொன்னேன். ஜெயித்துவிட்ட முகத்தோடு வந்தான். வாங்குபவர் என்ற இடம் காலியாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினேன்: பவித்ரா, த/பெ உலகநாதன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

"இன்னா மாமா இது?"

"பேருதான மாப்ள."

கிழித்துப் போட்டால் அடுத்த ஃபாரத்திலும் இதே பேர்தான் எழுதுவேன் என்றேன். கிழிக்கவில்லை.

10.3.2025, திங்கள்

பேர் மாறியதிலிருந்து என் செல்லுக்கு அபராதம் இல்லை. வந்தால் பவித்ராவுக்குத்தான் வருமாம். அவளுக்கும் வரவில்லை. லோகேஷ் பெல்ட் போட்டுக்கொண்டு, நிதானமாக ஓட்டுகிறானாம்.

நேற்று அம்மணியைத் திருப்பாலைவனத்துக்குக் கூட்டிப்போக இருவரும் வந்தார்கள். அவன் ஓட்டினான், பக்கத்தில் பவித்ரா. பின்னால் நாங்கள் இருவரும், நடுவில் பேத்தியும். கிளம்பும் முன் பவித்ரா திரும்பி, பெல்ட் போடச் சொன்னாள். பின்னால் உட்காருகிறவனுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"வண்டி யாருது நைனா?"

லோகேஷ் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டுக்கொண்டேன்.