தும்மாமல் போன காண்டாமிருகம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் நலமில்லை. அங்கே உன் பத்து விரல்களும் சுகமாக இருக்கின்றனவா? எழுத்து கோணலாக இருந்தால் அது வயசுக் கோளாறு என்று அம்மாவுக்கு போன் போட்டுப் பதறாதே, ஒரு குழந்தை கடித்துவிட்டது, அவ்வளவுதான், எப்படிக் கடித்தது என்று பிறகு சொல்கிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் மூக்கன் என்று ஆரம்பித்தாலே "முடிவைச் சொல்லாதீங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

டிவியில் வரும் மூக்கன் கார்ட்டூன் தொடர் முடியப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கு நீ போனில் அழுததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. "கடைசி பாகத்தை நான் பார்க்க மாட்டேன், பார்க்காத வரைக்கும் அது முடியலை" என்றாய். பல் டாக்டர் வீட்டுப் பெண் பேசுகிற பேச்சா இது? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள், காட்டாத வரைக்கும் சொத்தை இல்லை என்று. ஆனாலும் உன் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக கிளினிக்குக்கு வந்து, நோயாளிகளுக்காக நான் கூரையில் மாட்டியிருந்த டிவியை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்துவலி வாங்கியவள் நீ. உண்மையை நெருங்கினால் தும்முகிற ஒரு துப்பறியும் காண்டாமிருகம் நம் மூக்கன், அதற்கு உதவியாக அவசரம் என்று பெயர் வைத்த ஒரு நத்தை. அந்த நத்தையை என் மருந்துச்சீட்டின் பின்பக்கமெல்லாம் வரைந்து வைப்பாய். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் ஆளனுப்பி, "டாக்டர், முன்பக்கம் இருக்கிறது சாப்பாட்டுக்குப் பிறகு, சரி. பின்பக்கம் இருக்கிற நத்தை எத்தனை வேளை?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? உனக்கு வரையக் கற்றுக்கொடுத்தது அந்தத் தொடர்தான். எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததும் அதுதான், அது உனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் யார் என்ன கேட்டாலும் 'உம்' என்பதோடு சரி, என்னை 'உம் டாக்டர்' என்றுதான் சொல்வார்களாம், நர்ஸ் அக்கா இப்போதுதான் சொல்கிறார். மூக்கன் "ஆ... ஆ..." என்று தும்மலுக்குத் தயாராகும்போது குழந்தைகளும் தம்மையறியாமல் வாயைத் திறக்கும், அந்த இடைவெளியில் நான் கையை விட்டு வேலையை முடித்து, "அச்சூ" வருவதற்குள் எடுத்துவிடுவேன். டிவியில் அது வராத நேரத்தில் நானே மூக்கன் குரலில் தும்மப் பழகினேன், பிறகு கதையும் சொல்லப் பழகினேன். எந்தக் கல்லூரியிலும் இதற்குப் பாடம் இல்லை.

கடைசி பாகத்தன்று சாயங்காலம் நம் குட்டி நோயாளிகளையெல்லாம் வரச்சொல்லியிருந்தேன். அம்மா, "பல்லு பிடுங்குற இடத்துல விருந்தா?" என்று முகத்தைச் சுளித்தாலும், பிள்ளைகள் உட்கார வீட்டுப் பாயை எல்லாம் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள். அவளுக்கு நல்ல ஜலதோஷம் வேறு. தாடை வீங்கி வந்திருந்த ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரையும், கொஞ்சம் பொறுங்கள் சார் என்று பஞ்சை வாயில் வைத்து உட்காரவைத்தேன். இனி முடிவைச் சொல்லப்போகிறேன், வேண்டாமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள், ஆனால் நீ சின்ன வயதிலிருந்தே நிறுத்து என்றால் நிறுத்தியவள் இல்லை. ஊரிலுள்ள குடைகளெல்லாம் காணாமல் போய்விட்டன, திருடன் யார் என்பது கேஸ். மூக்கன் ஒவ்வொருவராக மோந்து பார்த்துக்கொண்டே வந்து, ஒரு கதவு முன்னால் நின்று, மூக்கு துடித்து, "ஆ... ஆ..." என்று தலையைப் பின்னால் சாய்த்தது. அப்படியே படம் நின்றுவிட்டது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. தும்மலே இல்லை! கூடம் முழுக்க அத்தனை பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள், என் வாழ்நாளில் அத்தனை கடைவாய்ப் பற்களை ஒரே சமயத்தில் நான் பார்த்ததில்லை. அந்த அமைதியில் உன் அம்மா தும்மினாள் பார், நிஜத் தும்மல், டம்ளர் அதிர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. முன்பல் இரண்டும் இல்லாத ஒரு வாண்டு, நாங்கள் ஓட்டைப்பல் ராணி என்போம், எழுந்து நின்று நத்தைதான் திருடன், வீடு ஒழுகுகிறது, அதனால் எடுத்தது என்றாள். இன்னொருத்தி, அப்படியென்றால் ஒரு குடை போதுமே, ஊரார் குடையெல்லாம் எதற்கு என்று சண்டைக்குப் போனாள். ஆளுக்கொரு முடிவு. இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை, பஞ்சைத் துப்பிவிட்டு, "என் சர்வீஸ்ல சொல்றேன், குடைக்கடைக்காரனைத்தான் முதல்ல விசாரிக்கணும்" என்று அரைமணி நேரம் பேசினார், தாடைவலியையே மறந்துவிட்டார். வீட்டுக்குப் போகவே யாருக்கும் மனமில்லை. நீ முடிந்துபோனது என்று அழுதாய், இங்கே அன்றைக்குத்தான் கதையே சூடுபிடித்தது.

ஆனால் மறுநாளிலிருந்து எனக்குத் திண்டாட்டம். அதே நேரத்தில் இப்போது தொப்பை குறைக்கும் பெல்ட் விளம்பரம் போடுகிறார்கள், அதைப் பார்த்து எந்தக் குழந்தை வாயைத் திறக்கும்? சரி, நானே தும்மிக் காட்டலாம் என்று "ஆ... ஆ..." என்றேன், ஓட்டைப்பல் ராணி, "மூக்கன்தான் இனிமே தும்மாதுல்ல, பொய்!" என்று சொல்லிக்கொண்டே வாயை மூடினாள். விரல் உள்ளே இருந்தது. முன்பல் இல்லாமலே இந்தக் கடி. அன்றே டிவியைக் கழற்றிவிட்டேன், அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு திட்டினாள். இப்போது கூரையில் டிவி இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு மங்காமல் பளிச்சென்று காலியாக இருக்கிறது. படுக்கிற பிள்ளைகளெல்லாம் அதையே பார்க்கின்றன. அங்கே மாட்ட நீ ஒரு படம் வரைந்து அனுப்பு. மூக்கன் வேண்டாம், அது வேறு யாரோ பெற்ற பிள்ளை. உன் சொந்தக் கதை ஒன்று, ஆபீஸில் பிஸ்கட் பெட்டிக்குப் படம் போட்டு முடித்ததும் வரைகிறேன் வரைகிறேன் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறாயே, அதிலிருந்து ஒரு மிருகம். நன்றாக இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே சொல்லிவிடும், பயப்படாதே, உன்னைக் கடிக்க முடியாது. கதை பாதியில் நின்றாலும் பரவாயில்லை, மீதியைச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறது.

நீ போடுகிற கோடெல்லாம் உன் மனம்போல வளைந்து கொடுக்கட்டும், நிம்மதியாகத் தூங்கி எழு, நன்றாக இரு. கீழ்க்கடைவாயில் கூசுகிறது என்றாயே, அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு, அப்பா என்ன தொழில் என்று கேட்டால் மட்டும் சொல்லித்தொலைக்காதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா

கண்ணு, அம்மா எழுதுகிறேன். எந்த மிருகம் என்பதை மட்டும் சீக்கிரம் சொல்லிவிடு. குரல் பழக வேண்டுமாம், காலையிலிருந்து குளியலறையில் ஒவ்வொரு மிருகமாகக் கத்திப் பார்க்கிறார். பக்கத்து வீட்டில் விசாரிக்கிறார்கள்.