முதல் கன்னம்

அண்ணை,

இன்று காலை உங்கள் மல்வேர்ன் வீட்டுக் கராஜில் இரும்பு அலுமாரியைத் திறந்ததும் மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. உள்ளே நீங்கள் கடைசியாகக் கைவைத்த லீவர் துவக்கு, அந்தப் பழைய வேட்டைத் துப்பாக்கி, இருந்தது.

மில்லிக்கன் தொழிற்சாலையில் பகலெல்லாம் லேத்தில் நின்றுவிட்டு வந்து, பின்னேரத்தில் இந்தப் பழைய துவக்குகளைத் திருத்திக்கொண்டு இருப்பீர்கள். இரும்பு உங்களுடையது, மரம் என்னுடையது. "மரவேலை செய்வன் அண்ணை, சுடமாட்டன். ஊரில சண்டை நேரம் கேட்ட வெடிச்சத்தமே காணும்" என்று முதல் நாளே சொன்னேன். நீங்கள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்தது.

இது அஜக்ஸில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவரின் பாட்டனார் வைத்திருந்த துவக்கு. குழலுக்குள் துரு, அதற்குரிய தோட்டா இப்போது கடைகளில் இல்லை. இருப்பதில் பலமான தோட்டாவுக்கு மாற்றித் தரச்சொல்லி அவர் கரைச்சல் கொடுத்தார். நீங்கள் அசையவில்லை. பழைய குழலுக்குள் மெல்லிய உருக்குக் குழாயை இறக்கி, சாதுவான தோட்டாவுக்குப் பொருத்தினீர்கள். வெளியே பார்த்தால் கைபட்டதே தெரியாது. "கிழவனுக்குக் கிழவன்ர சாப்பாடுதான் குடுக்கவேணும்" என்றீர்கள். நல்லவேளை, பக்கத்தில் நின்ற அவருக்குத் தமிழ் தெரியாது.

மாற்றிய துவக்கை முதலில் டயரில் கட்டி, தூர நின்று கயிற்றால் இழுத்துச் சுடுவீர்கள். பிறகு நீங்களே கன்னத்தில் வைத்துச் சுட்டபின்தான் ஆளிடம் கொடுப்பீர்கள். "வாங்குறவன்ர கன்னத்துக்கு முன்னம் என்ர கன்னம்" என்பீர்கள். அப்படி ஒரு மனிதரை நான் வேறெங்கும் காணவில்லை.

இதைச் சுட்டுப் பார்க்குமுன் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

மான் வேட்டைக் காலம் நெருங்க, கிழவர் போன் எடுத்தார். உங்களில் நம்பிக்கை இருக்கிறதாம், சுட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டுபோகிறாராம். வேறு கடையில் கொடுத்துச் சுட்டுப் பார்க்கலாமே என்றார் அண்ணி. எனக்கு இரண்டுக்கும் மனம் வரவில்லை. நீங்கள் செய்ததை இன்னொருவர் சோதிப்பதா?

சனிக்கிழமை நானே சுட்டுப் பழகும் திடலுக்குக் கொண்டுபோனேன். கயிற்றுச் சோதனையில் பிழையில்லை. பிறகு கையிலெடுத்தேன். கன்னத்தில் வைத்துச் சுட்டேன். நான் மினுக்கிய மரமே என் கன்னத்தில் தட்டியது. பயந்தபடி ஊர் நினைவு வரவில்லை. உங்களை நினைத்துத்தான் அழுதேன்.

இன்று கிழவர் வந்து துவக்கை வாங்கினார். லீவரை மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, யார் சுட்டுப் பார்த்தது என்று கேட்டார்.

கன்றியிருந்த என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.