பச்சை உறி

ஜொபேதாவுக்கு சலாம். உன் மூட்டுவலி குறைந்ததா? எனக்கு இருமல் மட்டும்தான்.

இங்கே டாக்காவில், தோல் ஆலைக் கழிவுநீர்க் குழாயில் சணல்நாரை அடைத்துப் பார்த்தேன். குரோமிய விஷத்தை உறிஞ்சி நார் பச்சையானது. மேனேஜர், "பெரியவரே, தண்ணியைச் சுத்தம் பண்றீரா, நாருக்குச் சாயம் போடுறீரா?" என்று சிரித்துவிட்டு, நாரைக் குப்பையில் வீசச் சொன்னார்.

உன் தம்பி மொத்தாலிப் அதைச் சாயமென்றே நம்பிப் பொறுக்கி, உறி பின்னி உனக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். "மச்சான் ஆசையா அனுப்பினாருன்னு சொன்னேன், அக்கா அழுதுட்டா" என்கிறான்.

அதில் பால்சட்டியைத் தொங்கவிடாதே. எரிக்கவும் எரிக்காதே, சணல் விஷத்தை இழுக்கும் என்று நான் சொன்னது பலித்ததற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அது. தகரப்பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கையைக் கழுவு.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது. ஒன்று கேட்கிறேன்: முப்பது வருடத்தில் உனக்கு ஆசையாக எதையாவது அனுப்பியிருக்கிறேனா? அப்போதே நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கலிமுத்தீன்