நான் பேசாத பேச்சு

5.8.2025, செவ்வாய்

ஏலக்கூடையைச் சுற்றி இன்று இருந்தவர்கள்: நான், பேத்தி மோகனப்ரியா, கருவாட்டுக்கடை ஜீனத், என் தம்பி டில்லிபாபு, ஐஸ் உடைக்கிற அருள்பிரகாசம். எழுதி வைக்கிறேன். நாளைக்கு எவனும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது.

சங்கரா மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன். அருள்பிரகாசத்தின் போனில் என் குரல் கேட்டது. ஏலச் சத்தத்தில் பின்பாதிதான் காதில் விழுந்தது. "ஜீனத்து கருவாட்டுல வெசம் கலக்குறா. வெள்ளிக்கெயம பத்து மணிக்கு அவ கடையக் கொளுத்தணும், எல்லாம் வாங்க." என் இழுப்பு. என் இருமல்கூட. ஆனால் நான் அப்படிப் பேசவே இல்லை.

மோகனப்ரியா முகம் செத்துப்போனது. நான் ஏலம் கூவுவதைப் படம் பிடித்துப் போட்டவள் அவள்தான். "ஆயா, அதுலேர்ந்து உன் குரல எடுத்து ஏஐ-ல பேச வச்சிகிறானுங்க."

ஜீனத் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "பவுனு, டீ குட்ச்சியா?" என்றாள். நாற்பது வருஷ தோஸ்து.

6.8.2025, புதன்

ஸ்டேஷன். முகம் காட்டாத ஒரு கும்பல் போன் வழியாக ஊர் ஊராக மதச் சண்டை மூட்டுகிறதாம். போன மாதம் வேறொரு ஊரில் செத்துப்போன பெரியவரையே பேச வைத்தார்களாம். "வெள்ளிக்கிழமை நீங்க வீட்லயே இருங்கம்மா" என்றார் எஸ்.ஐ. அம்மா.

வீட்டிலா? நானா?

7.8.2025, வியாழன்

அந்தப் பேச்சை முதலிலிருந்து மூன்று தரம் போட்டுக் கேட்டேன். மாட்டிக்கொண்டானுங்க.

8.8.2025, வெள்ளி

ஜீனத் கடைக்குள்ளே இருந்தாள்; நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அறுபது பேர் இருப்பார்கள். பாதி முகம் தெரியாதது. போலீஸ் ரெண்டே பேர். ஒரு கல் வந்து கடைக் கண்ணாடியை உடைத்தது.

"ஆயா, நீதான வரச் சொன்ன? இப்ப நவுரு" என்றான் ஒருத்தன்.

"அத்தப் போடுடா. சத்தமா போடு."

போட்டான். "—— பொண்டாட்டி பவுனம்மா பேசறேன்..." கோடு போட்ட இடத்தில் என் வீட்டுக்காரர் பேர். நான் எழுத மாட்டேன்.

"நிறுத்து! எம்புருசன் பேர என் வாயால கேட்டவன் எவனாச்சும் கீறானா? இந்த அம்பது வருசத்துல? கீறான்னா முன்னால வா!"

எவனும் வரவில்லை. கூடைக்காரிகள் பக்கம்தான் முதலில் சிரிப்பு. "ரேசன் கடையிலயே கார்ட நீட்டிக் காட்டுமே இது! அந்தாளு செத்தன்னிக்கு ஒப்பாரியிலகூட சொல்லலியே!" என்று ஒருத்தி கத்தினாள். கூடையோடு வந்து என் ரெண்டு பக்கமும் நின்றார்கள். கும்பல் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

கண்ணாடிச் சில்லைக் கூட்டிக்கொண்டே ஜீனத் சொல்கிறாள்: "இப்பவாச்சும் ஒருவாட்டி சொல்லேன்டி அந்தப் பேர." போடி.

11.8.2025, திங்கள்

மோகனப்ரியா வாட்ஸப் குரூப்பில் பழசை எல்லாம் தள்ளிப் பார்த்தாள். அந்தக் குரல் வந்த அன்றே பல பேர் "நிஜமா?" என்று கேட்டிருக்கிறார்கள். என் தம்பி பதில் போட்டிருக்கிறான்: "எங்க அக்கா குரல்தான். நான் கேரண்டி."

கூப்பிட்டனுப்பினேன். வந்தான்.

"அவரு பேரு வருதே, ஒனக்குத் தெரில?"

"தெர்ஞ்சிதுக்கா."

"தெர்ஞ்சுமா?"

"அத்தினி பேரும் என்னியே கேட்டாங்கோ. ஒரு கெத்தா இருந்துச்சு."

கெத்தாம்! ஜீனத் உள்ளே இருந்தாளேடா, பாவி.

12.8.2025, செவ்வாய்

மறுபடி ஸ்டேஷன். அந்தக் கும்பலில் எவனும் இன்னும் சிக்கவில்லை. அவனுங்களுக்கு என்னைத் தெரியாது, போகட்டும். இவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான்.

"கூடப் பொறந்தவர்ங்கிறீங்க. பேசித் தீத்துக்கலாமேம்மா?" என்றார் எஸ்.ஐ. அம்மா.

"எய்திக்கங்க" என்று புகாருக்குப் பேரைச் சொன்னேன்.

டில்லிபாபு.